பதினேழாம் எண்ணின் கடைசி வரி

எனக்குப் பேய், பிசாசு எதிலும் நம்பிக்கை கிடையாது. போடி பக்கம் சிலமலையில் எங்கள் தெருவில் யாருக்காவது அருள் வந்தால், எல்லாரும் கும்பிடுவார்கள், நான் மட்டும் அவர் இடையிடையே கண்ணைத் திறந்து பார்க்கிறாரா என்று கவனிப்பேன். போதாக்குறைக்கு ஆராய்ச்சி மாணவி. ஆதாரம் இல்லாமல் ஒரு வரி எழுதினாலும் என் வழிகாட்டிப் பேராசிரியை விடமாட்டார். அப்படிப்பட்ட நான்தான் இதைச் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள்.

ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்கள் தங்கள் வேலையைப் பற்றி சமூக ஊடகத்தில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதுதான் என் ஆய்வு. போடியிலிருந்து விடியற்காலையில் ஜீப்பில் மலையேறுகிறவர்களுக்காக ஒரு டிரைவர் அண்ணன் முகநூலில் குழு ஒன்று நடத்திவந்தார். நாளைக்கு வண்டி எத்தனை மணிக்கு, எந்தத் தோட்டத்தில் காய் எடுப்பு, யாருக்குக் காய்ச்சல் என்று எல்லாம் அதில் வரும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், எனவே யாரையும் கேட்க வேண்டியதில்லை என்று நானே முடிவு செய்துகொண்டேன். பெயர்களை எடுத்துவிட்டு ஆளுக்கொரு எண் போட்டேன், அதோடு என் பொறுப்பு தீர்ந்தது என்று நினைப்பு.

அதில் பதினேழாம் எண் ஒரு பெண். முகத்துக்குப் பதில் ஏலப்பூ படம், பெயரும் பொய்ப்பெயர். ஒருநாள் அவள் தோட்டத்தில் தனக்கு நடந்த ஒரு அநியாயத்தைப் பற்றிப் பத்துப் பன்னிரண்டு வரி எழுதியிருந்தாள். ஒரு மணி நேரத்தில் அழித்தும்விட்டாள். ஆனால் அதற்குள் நான் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், அன்றைக்கு எனக்குப் புதையல் கிடைத்த சந்தோஷம். வார்த்தை மாறாமல் அப்படியே ஆய்வேட்டில் சேர்த்தேன்.

பேராசிரியை படித்துவிட்டு, "இவங்ககிட்ட கேட்டியா?" என்றார்.

"பொதுவுல போட்டதுதானே மேடம்."

"அவ அழிச்சதுகூடவா பொது?"

அவர் கேட்டது சரிதான். ஆனால் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டிய நாள் நெருங்கிவிட்டது, எனக்கும் பிடிவாதம். எங்கள் பக்கத்தில் ஜீப்பில் போகிறவர்களுக்கு லீவு சொல்வது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது என்று எல்லாவற்றுக்கும் டிரைவர்தான் பொறுப்பு. அப்படியானால் சம்மதக் கடிதத்திலும் அவர் ஒருவர் கையெழுத்து போதும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. வெளியூர் ஆட்களுக்கு இந்தப் புத்தி வந்திருக்காது.

மறுநாள் காலை போடியில் அவரைப் பிடித்தேன். ஸ்டியரிங்கில் வைத்தே கையெழுத்துப் போட்டார். "இதுக்கெதுக்குத் தாயி இம்புட்டு எழுத்து? எல்லாம் நம்ம புள்ளைகதான, நான் சொன்னாச் சரிதான். வெரசா ஏறு, தோட்டத்தையும் பாத்துட்டு வந்துரு" என்றார். பின்னால் எதிரெதிர் சீட்டுகளில் பத்துப் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள், நானும் இடுக்கில் ஏறிக்கொண்டேன். ஒருத்தி முகமும் எனக்குத் தெரியாது.

போடிமெட்டுக்குப் போகும் வழியில் ஒரு கொண்டை ஊசி வளைவு, ஓரத்தில் மஞ்சள் பூசிய ஒரு கல். அந்த இடம் வந்தால் டிரைவர் பாட்டை நிறுத்திவிடுவார், வளைவு முடியும்வரை ஜீப்பில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. ஜீப்புக்காரர்கள் வழக்கம் அது. அன்றைக்கும் நிறுத்தினார். நன்றாக விடிந்துவிட்டது, ஆனாலும் மேகம் ஜீப்புக்குள்ளேயே வந்து எதிரில் இருப்பவர்கள் மங்கலாகத்தான் தெரிந்தார்கள். அப்போதுதான் கேட்டது.

என் காதுக்குப் பக்கத்தில் ஒரு பெண் குரல். அந்த அழித்த பதிவை முதல் வார்த்தையிலிருந்து நிதானமாகச் சொல்லிக்கொண்டு வந்தது. எனக்குப் பயம் வரவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். கர்ப்பக்கிரகத்துக்கு முன்னால் நிற்கிற மாதிரி உடம்பெல்லாம் சிலிர்த்துக் கை தானாகக் கூப்பிக்கொண்டது. திரையில் நூறு தடவை படித்த வரிகளுக்குப் பின்னால் உயிருள்ள ஒருத்தி இருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பதிவு முடிந்தது. முடிந்த பிறகும் அந்தக் குரல் இன்னொரு வரி சொன்னது.

வளைவு தாண்டியதும் பாட்டு வந்தது, பெண்கள் விட்ட இடத்திலிருந்து பேச ஆரம்பித்தார்கள். எதிரில் இருந்த ஒரு அக்கா மட்டும் பேசவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போடிமெட்டில் டீக்கு நிறுத்தியதும் என் கையைப் பிடித்து ஜீப்புக்குப் பின்னால் இழுத்துப் போனாள்.

"அத உனக்கு யாரு குடுத்தா? ஏன் எல்லாரு முன்னாடியும் சொன்ன?"

"அக்கா, நான் வாயவே தொறக்கல."

"உன் கொரலுதான் புள்ள. என் காதால கேட்டேன்."

எனக்குக் கேட்டது என் குரல் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து வந்த அம்மாவிடம் ஓடி, வளைவில் நான் பேசினேனா என்று கேட்டேன். "நல்லாக் கேட்ட போ! அங்கன பேசியிருந்தா உன்னய எறக்கி விட்டுட்டுல்ல வந்திருப்போம்" என்று சிரித்தாள். வேறு யாருக்கும் எதுவும் கேட்கவில்லை.

பதினேழாம் எண் அந்த அக்காதான் என்று புரிந்துவிட்டது. திரும்பி வந்து அவளிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன், எண் போட்டது, ஸ்கிரீன்ஷாட், டிரைவர் கையெழுத்து எல்லாம். அவள் திட்டவில்லை. "பேரு இல்லாட்டி என்ன தாயி, ரெண்டு வரி படிச்சா நான்தான்னு தோட்டத்துல தெரிஞ்சுபோகும். மறுநா எனக்குச் சோலி இருக்காது. மக காலேசு படிக்குது" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அங்கேயே போனில் அழித்தேன், வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரிலும் ஆய்வேட்டிலும் அழித்தேன். டிரைவர் அண்ணன் கையெழுத்தைக் கிழித்துப் போட்டேன்.

பிறகு வாரக்கணக்கில் மலையேறி ஒவ்வொருத்தியாகக் கேட்டேன். சிலர் சரி என்றார்கள், சிலர் வேண்டாம் என்றார்கள், ஒருத்தி தன் சொந்தப் பெயரையே போடச் சொல்லிச் சண்டை பிடித்தாள். ஆய்வேடு இளைத்துப்போய்த் தாமதமாகத்தான் முடிந்தது. அதில் எனக்கு வருத்தமில்லை.

ஆனால் அன்றைக்கு போடிமெட்டில் ஜீப்பு ஹாரன் அடித்த பிறகு அந்த அக்கா ஏறாமல் நின்றாள்.

"கடேசியா ஒண்ணு சொன்னியே, அது எப்பிடி உனக்குத் தெரியும்?"

"பதிவுல இருந்திருக்கும்கா."

"இல்ல. அத போன்ல அடிச்சேன். போட மனசு வரல. அந்த வரிய அழிச்சிட்டுத்தான் மத்தத போட்டேன். எங்கிட்டத் தவிர அது எங்கயுமே இல்ல."

அவள் சொன்னது நிஜம். என் ஸ்கிரீன்ஷாட்டில் அந்த வரி இல்லை, அழிப்பதற்கு முன் நானே பார்த்தேன்.

"அதையும் அழிச்சிரு தாயி" என்றாள். சரியென்று தலையாட்டினேன்.

அந்த வரி என்னவென்று நீங்கள் கேட்பீர்கள், எல்லாரும் கேட்கிறார்கள். சொல்ல மாட்டேன், அவள் அனுமதி தரவில்லை. பதிவில் இருந்த மற்ற வரிகள் இப்போது எனக்கு மறந்தே போய்விட்டன. அந்த ஒரு வரி மட்டும் ஒரு எழுத்துக் குறையாமல் அப்படியே இருக்கிறது, அதை எங்கே போய் அழிப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.