சீக்கிரம் சேர்ந்த எலும்பு

அவனியாபுரம் பைபாஸில் அண்ணன் பைக்கோடு விழுந்தபோது அவனுக்கு நிச்சயம் முடிந்திருந்தது. வலது தொடை எலும்பு முறிந்தது. நெற்றிக்குப் பின்னால் மூளையில் ரத்தம் கசிந்தது. தொடைக்குள் கம்பி வைத்தார்கள். தலைக்கு, காத்திருக்கச் சொன்னார்கள்.

எக்ஸ்ரே எடுப்பது என் வேலை. ஆறாவது வாரம் அவன் காலை நானே எடுத்தேன். முறிவைச் சுற்றிப் புது எலும்பு பஞ்சு மிட்டாய் போலத் திரண்டிருந்தது. மூன்று மாதத்தில் வரவேண்டியது. சந்தோஷமாக டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

“தலையில பலமா அடிபட்டவங்களுக்குச் சில சமயம் இப்படி வளரும்மா. ஏன்னு இன்னும் முழுசாத் தெரியல,” என்றார்.

அதன்பிறகு அந்தப் படத்தில் எனக்குத் தெரிந்தது அவன் தலைதான்.

அம்மாவிடம் சொன்னேன். “ஆட்டுக்கால் சூப்பு வச்சுக் குடுத்தது நானு. பேரு மண்டைக்கா?” என்றாள்.

வீட்டில் நான் குறித்து வைத்தவை: குளித்ததை மறந்து மறுபடி குளித்தான். கேஸைத் திறந்துவிட்டுப் பற்றவைக்காமல் போனான். பக்கத்துத் தெருவில் நின்று வீட்டுக்கு வழி கேட்டான்.

பெண்வீட்டார் உசிலம்பட்டியிலிருந்து வில்லாபுரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள், நாள் குறிப்பதா விட்டுவிடுவதா என்று முடிவுசெய்ய. அண்ணன் கம்பு ஊன்றாமல் நடந்துவந்து உட்கார்ந்தான்.

“சாப்ட்டீங்களா மாமா?”

“ஆச்சு மாப்ள.”

இரண்டு நிமிடத்தில் மறுபடி கேட்டான். காபி வந்தபின் மூன்றாம் முறை. முன்பெல்லாம் வீட்டுக்கு வந்தவர்களை ஏறிட்டும் பார்க்காதவன். பெண்ணின் அப்பா நெகிழ்ந்துவிட்டார். “எம்புட்டு மரியாத பாருங்க!”

அம்மா என்னை எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கச் சொன்னாள். அவர் உற்றுப் பார்த்தார்.

“ஏத்தா, நீ படிச்ச புள்ள. இம்புட்டு வெரசா எலும்பு சேருமா?”

என்னிடம் மூன்று பதில்கள் இருந்தன. சேரும். தலையில் அடிபட்டால் சேரும். பெண்ணைக் கொடுக்காதீர்கள்.

அம்மா என் முழங்கையை இறுக்கினாள்.

“சேரும்,” என்றேன். ஆவணியில் கல்யாணம் நடந்தது.

சிம்மக்கல் மண்டி வேலைக்கு அவனால் திரும்ப முடியவில்லை. மதினி இப்போது ஜவுளிக்கடையில் நிற்கிறாள். போகும்போது அவனை உள்ளே வைத்து வீட்டை வெளியே பூட்டுகிறாள். போன மாதம் துணி காயப்போடும்போது கேட்டாள்.

“ஒங்களுக்கு அன்னைக்கே தெரியுமா?”

“தெரியும்.”

ஈரச் சேலையை உதறி, ஓரம் பிடித்து, கொடியில் விரித்தாள்.

“எங்கப்பாகிட்ட சொல்லிராதீங்க. தங்கமான மாப்ளன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறாரு. தாங்க மாட்டாரு.”

அதற்கும் சரி என்றேன்.