முத்தம்மா விட்ட சூறை

மாசி அமாவாசையன்று ராயபுரத்துத் தெருவில் வெள்ளை வேட்டியோடு இறங்குகிறவனுக்குப் புத்தி கிடையாது. அன்று மயானக் கொள்ளை. அங்காளம்மன் சுடுகாட்டுக்குப் புறப்படுவாள். வேண்டுதல்காரர்கள் அவித்த மொச்சை, காராமணி, கொழுக்கட்டை என்று கூட்டத்தின் மேல் வாரி இறைப்பார்கள். அதற்குச் சூறை என்று பேர். குறி பார்த்து வீசக்கூடாது. மேலே விழுந்ததைத் தட்டிவிடவும் கூடாது. அம்மன் கொடுத்தது, தின்றாக வேண்டும்.

அரிசி ரேஷன் ஒழிந்த மறுவருஷம் முத்தம்மா ஒரு கூடை வெல்லக் கொழுக்கட்டையோடு வந்தாள். துறைமுகத்தில் கரி சுமக்கிறவள். புருஷன் கடலோடு போனபோது அண்ணன் தேசிங்கு, "என் வூட்ல குந்திகினு துன்னு" என்றான். பாசத்தில் சொன்னதுதான். அவளோ மறுநாளே கரிக்கூடையைத் தூக்கிவிட்டாள். "இனிமே உன் கையால ஒரு வாய் துன்னா நான் தேசிங்கு இல்ல" என்று கத்திவிட்டுப் போனவன், மூன்று வருஷமாகியும் இறங்கி வரவில்லை. கல்யாண வீட்டில் அவள் பரிமாற வந்தால் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவான். அப்படி ஒரு வீம்பு! அவளுக்கென்று இருந்த ஒரே உறவு அவன்தான். தன் கையால் ஒரு வாய் தின்னமாட்டானா என்று அவள் ஏங்காத நாளில்லை.

அம்மன் கல்மண்டபத்துக்கு வந்ததும் எல்லோரும் மடியை ஏந்திக்கொண்டிருக்க, தேசிங்கு மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். கூடையைப் பிடித்திருந்த ஜன்னத், முத்தம்மாவோடு கரி சுமக்கிறவள், முதலில் பார்த்துவிட்டாள்.

"அதோ உங்க அண்ணாத்தே. அவரு மேல வுடு."

"அய்ய! குறி பாத்து வுடக்கூடாதுடி."

"கண்ண மூடிக்கோ. அப்பால அது குறி இல்லியே."

முத்தம்மா கண்ணை மூடினாள். ஜன்னத் அவள் தோளைப் பிடித்துக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பிவிட்டாள். கரிக்கூடை வீசிப் பழகிய கை அல்லவா? கொழுக்கட்டை நேரே போய்த் தேசிங்கின் மூக்கில் உடைந்தது. மீசையெல்லாம் மாவும் பூரணமும்.

அவன் கை துடைக்கப் போயிற்று. "துடைக்காதே நைனா! ஆத்தா குடுத்தது!" என்று பக்கத்தில் ஒரு கிழவர் அதட்டினார். தேசிங்கு தங்கையைப் பார்த்தான். அம்மனைப் பார்த்தான். பிறகு மீசையில் இருந்ததை விரலால் வழித்து வாயில் போட்டு, நிதானமாக மென்றான்.

"இன்னா இது, மாவுல உப்பே இல்ல?" என்று அங்கிருந்தே கேட்டான்.

"வேண்டுதலுக்குச் செஞ்சது. வாய்ல வெச்சிப் பாக்கக்கூடாதே, அண்ணாத்தே."

தேசிங்கு கட்டியிருந்த கையைப் பிரித்தான். தோள் துண்டை எடுத்து இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தான்.

"சரி, இன்னொண்ணு வுடு."

முத்தம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இந்தத் தடவை அம்மன் பார்க்கப் பார்க்கவே குறி பார்த்து வீசினாள்.