நெல் பூத்த பத்து நாள்

நூம்பலில் வேம்புலியம்மாள் சுட்ட செங்கல்லைத் தட்டினால் பூந்தமல்லிக் கோயில் மணி திரும்பிப் பார்க்கும் என்பார்கள். ஒரு தடவை யானை ஒன்று அந்தக் கல்மேல் ஒற்றைக்காலில் நின்றதாம்; கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை, யானைக்குத்தான் சுளுக்கு. அதில் முக்கால்வாசியைத் தள்ளிவிட்டாலும், நல்ல கல் என்பது மிஞ்சும்.

புருஷன் போன பிறகு பன்னிரண்டு வருஷம் அந்தச் சூளையைத் தனியாளாக நடத்தினாள். ஏரி வண்டலை மட்டும்தான் எடுப்பாள்; அதையும் ஒரே இடத்தில் பள்ளம் பறிக்காமல் பாய் விரித்த மாதிரி மட்டமாக எடுப்பாள். அடுத்த மழைக்கு ஏரி கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் பிடிக்கும், இறங்கிய மாடும் கரையேறும். பிள்ளைத்தாய்ச்சி தலையில் கல் ஏறாது; உட்கார்ந்து அச்சில் மண் அடைத்தாலும் அவளுக்கு அதே கூலி. வெந்து கோணிய கல்லை நல்லதோடு கலந்து தள்ளாமல் வேலையாட்களுக்கே கொடுத்துவிடுவாள். அவர்கள் தெருவில் நேரான சுவரே கிடையாது. அந்தச் சுவர்களில் நடந்து நடந்து அங்கே பூனைக்கெல்லாம் தலைசுற்றல்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கட்டுப்பாடு. வடக்கே கழனியில் நெல் பூத்திருந்தால் சூளைக்குத் தீ வைக்கமாட்டாள். புகை படிந்தால் பூ கருகி மணி பிடிக்காது.

யுத்த காலம் அது. ஆவடியில் பட்டாளத்துக்குக் கொட்டகை எழும்பிக்கொண்டிருந்தது. காண்டிராக்டரின் மேஸ்திரி பரந்தாமன் லாரியில் வந்து இறங்கினான். அந்த லாரி போட்ட சத்தத்தில் ஊர்க் கோழிகள் மூன்று நாள் முட்டையிட மறந்தன. ஒரு லட்சம் கல் வேண்டும், பங்குனிக் கடைசிக்குள் வேண்டும். வேம்புலியம்மாள் வண்டி மாடுகளை விற்றுச் சவுக்கு விறகு வாங்கினாள். இந்த ஒரு சூளை வெந்து இறங்கினால் தொழில் நிலைக்கும். இல்லாவிட்டால் அச்சுப்பலகையைக் கவிழ்க்க வேண்டியதுதான்.

சுடாத பச்சைக்கல்லைச் சூளையில் அடுக்கி முடித்த அன்று, வடக்கே வீராசாமி பாதி விளைச்சல் வாரத்துக்கு உழுத காணி நிலத்தில் நெல் பூத்துவிட்டது. காற்று தெற்கேயிருந்து நேராக அங்கேதான் அடித்தது.

"இன்னும் பத்து நாள் போவட்டும் மேஸ்திரி" என்றாள்.

"இன்னாம்மா பேசற? ஜப்பான்காரனாண்ட சொல்லி சண்டைய பத்து நாள் தள்ளி வெச்சுக்கவா?"

"சொல்லு. அவன் ஊருலயும் நெல்லு பூக்கும் இல்ல."

பரந்தாமன் தலையில் அடித்துக்கொண்டான். "மாசக் கடைசில கல்லு இல்லன்னா வேற சூளைக்குப் பூடுவேன். அப்பால என்னிய கேக்காத."

மகள் பூங்காவனத்துக்குத்தான் பொறுக்கவில்லை. "யம்மா, வீராசாமி உன்ன வந்து கேட்டாரா? அவருக்குக் கொறையற நெல்ல நாமளே வாங்கிக் குடுத்துட்டுக் கொளுத்தேன்."

"பூவுல நிக்கற பயிருக்கு யாருடி வெல சொல்றது? பத்து நாள்ல பூ முடிஞ்சிடும், கம்முனு கெட."

எட்டு நாள் வானம் துடைத்த வெண்கலத் தாம்பாளம் மாதிரி இருந்தது. ஒன்பதாம் நாள் சாயங்காலம் மேற்கே கறுத்தது. பனையோலை, கிழிந்த கோணி, வீட்டிலிருந்த பாய் என்று எல்லாவற்றையும் இழுத்துவந்து சூளையை மூடினார்கள். காற்று அத்தனையையும் பறித்து ஏரியில் போட்டது. ஒரு மணி நேரம்தான் பெய்தது. நின்றபோது சூளை இருந்த இடத்தில் சேற்று மேடு இருந்தது. வேம்புலியம்மாள் அதில் கை விட்டுத் துழாவினாள். அச்சு கலையாத ஒரு கல்கூடக் கைக்கு அகப்படவில்லை.

காலையில் பூத்து மூடிக்கொண்ட நெல்லை அந்திமழை ஒன்றும் செய்யவில்லை.

விறகை விற்று ஆட்களின் கூலியைத் தீர்த்தாள். லாரி வேறு சூளைக்குப் போய்விட்டது. ஊரே வந்து துக்கம் கேட்டது. வீராசாமி மட்டும் வரவில்லை. சூளை வழியாகக் கழனிக்குப் போகிறவன், முகம் காட்டக் கூசி ஏரிக்கரையைச் சுற்றிப் போனான். 'ஒரு வார்த்த கேட்டா இன்னா கொறஞ்சிபுடும்' என்று தினமும் அவன் போகும் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அறுப்பு நாளில் அரிவாளோடு அவளே வரப்பில் போய் நின்றாள்.

"ஆள் வோணுமா வீராசாமி?"

அவன் குனிந்த தலை நிமிரவில்லை. "வாணாம்மா... நீங்க ஊட்டுக்குப் போங்க. ரெண்டு மூட்ட நானே கொணாந்து போடறேன்."

"மூட்ட கேட்டனா? கூலிக்கு ஆள் வோணுமான்னு கேட்டேன்."

பதிலுக்குக் காத்திராமல் சேலையைச் சொருகிக்கொண்டு இறங்கினாள். முதல் பிடியை அறுத்துக் கையில் தூக்கிப் பார்த்தாள். கதிர் நல்ல கனம். பக்கத்தில் அறுத்த பொம்பிளைகள் யாரும் அன்றைக்குப் பாடவில்லை.

சாயங்காலம் களத்தில் கதிரடித்துக் கூலி நெல் அளந்தபோது, அவள் முறத்தில் மட்டும் வீராசாமி படியைக் குவித்துக் குவித்துப் போட்டான். அவள் படியை வாங்கித் தானே அளந்து, ஒவ்வொன்றையும் தலைதட்டி, மிச்சத்தை நெல் அம்பாரத்தில் தள்ளினாள். கூலியை முந்தானையில் முடிந்துகொண்டு, வந்த வரப்பிலேயே திரும்பி நடந்தாள்.