ஆல்ட்டோ கிளாரினெட்டின் கழுத்தும் என் பொய்ப்பல்லும்

மன்னாரிலிருந்து வந்து கல்பிட்டிக் கரையில் குடியேறிய எங்களது கத்தோலிக்கக் கோவில் பாண்ட் குழுவுக்கு, இத்தாலியில் வாழும் ஊரவர் ஒருவர் ஆல்ட்டோ கிளாரினெட் ஒன்றை அனுப்பியிருந்தார். சாதாரணக் கிளாரினெட்டைவிட நீண்டு தடித்த அக்கருவியின் உச்சியில் வளைந்த உலோகக் குழாய் ஒன்று உண்டு. அதற்குக் கழுத்து என்று பெயர். அதன் நுனியில் ஊதுவாய். கழுத்து எக்கோணத்தில் வளைகிறதோ, அக்கோணத்துக்கு வாசிப்பவன் தலைவணங்க வேண்டும். தலைவணங்குவதில் எனக்கு ஆட்சேபமில்லை. என் மேல்வரிசைப் பொய்ப்பல்லுக்குத்தான் இருந்தது. அக்கழுத்து ஏறக்குறையச் செங்குத்தாக நின்றமையால், ஊதுவாய் பல்லைக் கீழிருந்து நெம்பியது.

திருநாளுக்கு இரு வாரம் முன்னர், ஒத்திகையின்போது பல் கழன்று என் மடியில் விழுந்தது. குழுவை நடத்துபவர் என் மனைவியின் தம்பி.

"அத்தான், நீங்க இந்தமுறை தாளம் தட்டுங்கோ. அதுக்குப் பல்லுத் தேவையில்லை."

புனிதரின் சிலையைச் சுமந்து செல்லும் சுருவப் பவனியில் ஒரு பாட்டின் நடுப்பகுதியை நான் தனித்து வாசிப்பதாக இருந்தது. ஒருவரிடமும் பயிலாது கற்ற எனக்கு, அறுபத்தெட்டாம் வயதில் வாய்த்த முதல் தனி வாசிப்பு அது. தாளத்துக்கு இறங்க மனம் ஒப்பவில்லை.

புத்தளத்தில் படகு எஞ்சின் திருத்தும், எல்லோரும் நானா என்றழைக்கும் முஸ்லிம் அண்ணர் ஒருவரிடம் கருவியோடு போனேன். எண்ணெய்க் குழாய்களை நசுங்காமல் வளைப்பதில் அவர் சமர்த்தர். அதற்காக மற்றவர்கள் குழாயினுள் மணலை இறுக்கி நிரப்புவார்கள்; அவர் உப்பை நிரப்புவார்.

"மணல் உள்ளுக்கு ஒளிஞ்சிக்கும். உப்பு தண்ணி பட்டாக் கரைஞ்சிரும். இந்த ஊருல உப்புக்கா பஞ்சம்?"

என்னைக் கதிரையில் இருத்தி, முழங்கால்களுக்கிடையே கருவியை வைத்து, ஒரு கம்பியால் என் வாய்க்கு அளவெடுத்தார். சூடாக்கி, வளைத்து, கழுவித் தந்தார். ஊதினேன். தலை நிமிர்ந்திருந்தது, பல் அசையவில்லை, நாவில் மட்டும் சற்றே உப்புக் கரித்தது.

"இப்பதான் முகம் மாப்பிள்ள மாதிரி ஈக்குது!" என்றார் நானா.

இரு வாரமும் வீட்டுக் கதிரையில் அமர்ந்தே பயின்றேன்.

திருநாட்காலை, சுருவம் கோவில் வாசலைத் தாண்டியதும், கருவியைக் கழுத்துப்பட்டியில் மாட்டி எழுந்து நின்றேன். நானாவும் நானும் செய்த பிழை அக்கணமே விளங்கிற்று. இருக்கையில் கால்களுக்கிடையே அடங்கியிருந்த கருவியின் அடிப்பாகத்தை, நிற்கையில் என் வயிறு முன்னே தள்ளியது. ஊதுவாய் சரிந்து நாடியைக் குத்தியது. பட்டியை உயர்த்தினேன். உயரம் மாறியது, கோணம் மாறவில்லை.

"என்ன அத்தான், தாடிக்கோ வாசிச்சுக் காட்டப்போறியள்?"

"எனக்கு ஒரு கதிரை வேணும்" என்றேன்.

பவனியில் கதிரை வைக்கத்தக்க இடம் ஒன்றே இருந்தது: ஒலிபெருக்கிக்கான ஜெனரேட்டரை ஏற்றிவந்த டிராக்டர் பெட்டி. மைத்துனரே கைபிடித்து என்னை ஏற்றிவிட்டார். என் முறை வந்ததும் தனிப்பகுதியை முதலிலிருந்து முடிவுவரை வாசித்தேன். பல் அசையவில்லை. என் கழுத்தும் வலிக்கவில்லை. பக்கத்தில் ஜெனரேட்டரின் இரைச்சலும் ஒரு கணம் ஓயவில்லை.

பவனி முடிந்ததும் மைத்துனர் ஓடிவந்து கைகொடுத்தார்.

"அத்தான், ஒரு பிழையும் கேக்கேல்லை!"

முறைப்படி நன்றி கூறினேன். மூன்றாம் அடியில் இரு இடங்களில் சுரம் பிசகியதைக் கூறவில்லை.