மருந்தென்று சொன்ன டாக்டரம்மா

புண் கழுவ வைத்திருந்த பாதரச உப்பு கரைத்த நீரைக் குடிதண்ணீரென்று நினைத்து என் மனைவி குடித்துவிட்டாள். பாளையங்கோட்டையிலிருந்து விரைந்து வந்த டாக்டரம்மா ஒல்லியானவர். பேசும்போது மணிக்கட்டைத் தேய்த்துக்கொள்வார். பையிலிருந்து முட்டைகளை எடுத்தார்.

"நாங்க சைவம்லா, அம்மா!" என்று தடுத்தேன்.

மிச்சமிருந்த நஞ்சை ஒரு வெள்ளைக்கருவில் ஊற்றினார். அது தயிராய்த் திரிந்தது.

"கொடலும் இந்த வெள்ளக்கரு மாதிரிச் சத்தால ஆனதுதான், அய்யா. வெசம் முட்டையப் பிடிச்சிக்கிட்டா கொடல விட்டிரும். குடுக்கலாமான்னு சீக்கிரம் சொல்லுங்க."

நான் மனைவியின் தலையைத் தாங்கிப் பிடித்தேன். வெள்ளைக்கருவைப் புகட்டினார், வாந்தியெடுக்க வைத்தார், மறுபடி புகட்டினார். மாலையில் அவள் கண் திறந்து என்னைக் கூப்பிட்டாள்.

அப்போதுதான் கோயிலிலிருந்து திரும்பிய என் அம்மா, முட்டை வாடை பிடித்து, "என்ன குடுத்திய?" என்று கேட்டாள்.

"மருந்து, ஆச்சி," என்றார் டாக்டரம்மா.

அது பொய்யா என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.