பரமேஸ்வரி அக்கா பதறவில்லை

செவ்வாய்க்கிழமை காலை, குயின் ஸ்ட்ரீட்டில் உள்ள என் கண்ணாடிக் கடையில் ஒரு பெரியவருக்குப் பார்வை சோதித்துக்கொண்டிருந்தபோது பரமேஸ்வரி அக்காவின் மகள் அழைத்தாள். "அம்மா போயிட்டாங்க அங்கிள்" என்றாள். ஆறு மாதமாகப் புற்றுநோயோடு கிடந்தவர். எதிர்பார்த்த செய்திதான். ஆனாலும் பெரியவரை வேறொரு நாள் வரச் சொல்லிவிட்டுக் கடையைப் பாதி சாத்தி உட்கார்ந்துவிட்டேன். அப்போது அழுகைதான் வந்தது. கோபம் மதியத்துக்கு மேல் வந்தது.

மதியம், விமானக் கண்காட்சியின் ஏற்பாட்டுக் குழு தங்கள் முகநூல் பக்கத்தில் அக்காவின் படத்தைப் போட்டிருந்தது. "வானத்தை நேசித்த எங்கள் தோழி, ஒழுங்கின் முன்மாதிரி" என்று எழுதியிருந்தார்கள். அக்காவை அறிந்த உங்களில் பலர் அதன் கீழே கைகூப்பியிருந்தீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. நடந்தது உங்களுக்குத் தெரியாது. தெரிந்த ஒருவன் நான்கு ஆண்டுகளாக வாயை மூடிக்கொண்டிருந்தான். அது நான்.

அக்கா ஜுருவில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரச் சோதகராக இருந்தவர். நாற்பது வயதுக்கு மேல் விமானம் ஓட்டக் கற்றார். அவரும் நானும் இன்னொரு நண்பரும் சேர்ந்து பழைய நான்கு இருக்கை விமானம் ஒன்றை வைத்திருந்தோம். புறப்படுவதற்கு முன் அவர் அதைச் சுற்றிவந்து பார்ப்பதற்கே அரை மணி நேரம் ஆகும். நான் முணுமுணுத்தால், "மேலே போயி நிறுத்திப் பாக்க முடியாது தம்பி, இங்கேயே பாத்துக்குவோம்" என்பார்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் கண்காட்சியில் சிறு விமானங்களும் வந்து இறங்கி வரிசையாக நிற்கலாம் என்று அழைப்பு வந்தது. இறங்கும் முறையைப் பல பக்கங்களில் அனுப்பியிருந்தார்கள். எந்தத் தீவின் மேல் நுழைவது, எந்த உயரத்தில் வட்டமிட்டுக் காத்திருப்பது, யார் பின்னால் யார் போவது, எல்லாம் அதில் இருந்தது. ஆயர் ஈத்தாமில் தன் அடுக்குமாடிக்குக் கீழே, கார் நிறுத்துமிடத்தில், அக்கா சுண்ணக்கட்டியால் அந்த வழி முழுவதையும் வரைந்தார். நாங்கள் இருவரும் அதன் மேல் நடந்து நடந்து பார்த்தோம். மாடியிலிருந்து ஒரு அம்மா எட்டிப் பார்த்து, "என்ன பரமே, கோலப் போட்டியா?" என்று கேட்டார். "ஆமாக்கா, பரிசு வாங்கிட்டு வர்றேன்" என்றார் அக்கா.

கண்காட்சி நாளன்று, குறித்திருந்த தீவின் மேல் ஏழெட்டு விமானங்கள் வட்டமிட்டுக்கொண்டிருந்தன. எங்கள் முறை வந்தது. இறங்க அனுமதியும் கிடைத்தது. ஓடுபாதை நேர் எதிரே தெரிந்தது. நான் வலது இருக்கையில் இருந்தேன். "தம்பி, உன் பக்கம், மேலே" என்றார் அக்கா. குரல் உயரவே இல்லை. திரும்பினேன். கண்காட்சிக்குப் பணம் தரும் நிறுவனம் ஒன்றின் இரட்டை எஞ்சின் விமானம், காத்திருக்கும் வட்டத்துக்கே போகாமல், நேராக எங்கள் தலைக்கு மேல் இறங்கிக்கொண்டிருந்தது. அதன் சக்கரங்களைப் பார்த்தேன். டயரில் இருந்த வரிகளைக்கூடப் பார்த்தேன்.

அக்கா வேகத்தைக் கூட்டி இடப்பக்கமாகக் கடலை நோக்கி விலகினார். கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குத் தகவல் சொன்னார். மீண்டும் வரிசையின் கடைசியில் போய்ச் சேர்ந்து, இருபது நிமிடம் கழித்து மெத்தென்று இறக்கினார்.

கீழே ஏற்பாட்டுக் குழுவின் ஒருங்கிணைப்பாளர் காத்திருந்தார். நம் ஊர்த் தமிழர்தான். எல்லார் முன்னாலும், "வரிசையக் கலைக்கச் சொல்லி யார் சொன்னா? அமைச்சர் உக்காந்திருக்காரு லா" என்று கத்தினார்.

"ரெண்டு விமானமும் முழுசா நிக்குது. போயி எண்ணிப் பாருங்க" என்றார் அக்கா.

குழு ஒரு விசாரணை நடத்தியது. அதற்கு முந்தைய நாள் ஒருங்கிணைப்பாளர் என் கடைக்கு வந்தார். "அண்ணே, நீங்க வாயத் தொறந்தா உங்க ரெண்டு பேர் பைலட் லைசென்ஸும் சிக்கல்ல போகும். பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருக்க, "எனக்குச் சரியாத் தெரியல, வெயில் கண்ண அடிச்சது" என்றேன். ஊராருக்குக் கண் பார்க்கிறவன் சொன்ன சாட்சி இது.

"பெண் விமானி பதற்றத்தில் வரிசையைக் குலைத்தார்" என்று அறிக்கை வந்தது. கண்காட்சிக்கு இனி அவர் வரக்கூடாது என்றார்கள். அவரோடு பறக்க வந்தவர்கள் ஒவ்வொருவராக ஒதுங்கினார்கள். அறிக்கையை வாங்கிக்கொண்டு வெளியே வந்த அன்று, வாசலில் அக்கா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "பயந்தது நீ. எழுதினது என் பேரு."

அதற்குப் பிறகும் என்னோடு பேசினார், பறந்தார். அதுதான் எனக்குப் பெரிய தண்டனை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஒவ்வொரு முறையும் கண்காட்சிக்கு மனுப் போட்டார். ஒவ்வொரு முறையும் மறுத்தார்கள். கடைசி மனுவை மருத்துவமனைக் கட்டிலில் உட்கார்ந்து நிரப்பினார். "இந்த உடம்போட எப்படிக்கா போவீங்க?" என்று கேட்டேன். "போறதுக்கா போடுறேன்? மாட்டேன்னு அவனுங்க கைப்பட எழுதணும். அதுக்குத்தான்" என்றார்.

அக்கா போன அந்தச் செவ்வாய் மாலை ஒருங்கிணைப்பாளரை அழைத்தேன். "பக்கத்துலேர்ந்து அக்கா படத்த எடுத்துடுங்க" என்றேன்.

"நல்லதாத்தானே அண்ணே எழுதியிருக்கோம்."

"அன்னைக்கு என்ன எழுதினீங்க?"

"அது பழைய கதை லா. அவங்களே போயிட்டாங்க, இனிமே யாருக்கு என்ன?"

தகனம் முடிந்த மறுநாள், நான் கண்டதை முழுவதும் எழுதிக் கையெழுத்திட்டு, விமானப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அலுவலகத்தில் கொடுத்தேன். அங்கிருந்த பெண் தாளைப் புரட்டிவிட்டு, "சம்பந்தப்பட்டவர் இறந்துட்டாரே சார்" என்றாள். சம்பந்தப்பட்டவன் நான்தான், உயிரோடு நிற்கிறேன் என்று சொன்னேன். வாங்கி முத்திரை குத்தினாள். என் லைசென்ஸ் போகலாம். போகட்டும்.

அக்காவின் பொறுமையைப் பற்றி இரங்கல் கூட்டத்தில் நீங்கள் நிறையப் பேசினீர்கள். அவர் பொறுமைசாலி இல்லை. நான்கு ஆண்டுகள் விடாமல் கோபமாக இருந்தவர், அதை ஒரு நாளும் கத்தித் தீர்த்துக்கொள்ளாதவர். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தக் கோபத்தைத்தான். அது எனக்கு ஆறிவிடக் கூடாது.