பத்து மணி பத்து நிமிடம்

கடிகாரத் தொழிலுக்குப் பேர்போன லா ஷோ-த-ஃபோன் ஊரில் இருபது வருடமாகக் கைக்கடிகாரங்களுக்கு முள் வரைந்து வருகிறவள் கிலேன். விமானிகள் கையில் கட்டிவந்த பழைய கடிகாரம் ஒன்றைப் புது அழகில் கொண்டுவரும் வேலை அவளிடம் வந்தது. அதன் குட்டை மணிமுள் அவள் கண்ணை உறுத்தியது. மெலிதாக்கி, நிமிடமுள்ளின் நீளத்துக்கே இழுத்துவிட்டாள்.

அந்தத் தொழிலில் மாதிரியைப் பத்து மணி பத்து நிமிடத்தில் நிறுத்தித்தான் காட்டுவார்கள். முட்கள் சிறகு விரித்தாற்போல் நிற்கும். மாதக்கணக்கில் எல்லோரும் அப்படியே பார்த்துப் பிரமாதம் என்றார்கள்.

கடைசியில் அதை ஓடவிட்டுக் கட்டிக்கொண்டு, ரயில் நிலையக் காப்பிக்கடையில் உட்கார்ந்தாள் கிலேன். இரண்டு முள்ளும் ஒரே நீளத்தில், ஆறுக்கு இரு பக்கமும் ஒட்டி நின்றன. ஆறுக்கு முன்னால் நின்றதை மணிமுள் என்று எடுத்துக்கொண்டு, ஐந்தரைதானே என்று இன்னொரு காப்பி சொன்னாள். அவள் ஏற வேண்டிய ஆறரை ரயில் கண்ணெதிரே கிளம்பிப் போனது. நடுவானில் ஒருவன் ஒரே பார்வையில் மணி தெரிந்துகொள்ளத்தான் அந்த முள் குட்டையாக இருந்தது என்பது அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் மேலாளர் இவான் விழுந்து விழுந்து சிரித்தான். "கையில வாட்ச கட்டிக்கிட்டே ரயில விட்டியா? வெளிய சொல்லிடாத, மானம் போயிடும்!"

"சிரிக்காத இவான். இத்தன மாசமா இதுல ஒருத்தரும் மணியே பாக்கல." அவள் கையை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இப்ப மணி என்ன, சொல்லு."

இவான் குனிந்து பார்த்தான். அவள் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு மெல்லத் தலையைத் தூக்கி, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான்.